இயற்கை முகாமுக்குக் கட்டடம்: மண்சுவருக்கு முன்னால் போடவேண்டிய கணக்குகள்

பள்ளிப் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போய் ஐந்து நாள் தங்கவைத்து, பறவையும் மரமும் நீரோடையும் கற்றுக்கொடுக்கும் முகாம்கள் இப்போது பெருகிவருகின்றன. அதற்கென்று நிலம் வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மண்ணை அழுத்திச் செய்யும் மண்கல்லில் கட்டலாமா, மூங்கிலில் கட்டலாமா? அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரவேண்டிய கேள்வி. முகாம் கட்டடத்துக்கு வேறு எந்தக் கட்டடத்துக்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. ஐந்து நாள் ஐம்பது பேர் புழங்குவார்கள். அடுத்த பதினைந்து நாள் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பொருந்தும் கணக்கும் விடுதிக்குப் பொருந்தும் கணக்கும் இங்கே சேர்ந்தே பொய்த்துப்போகின்றன. பசுமைக் கட்டடம் என்று பேர் வாங்கிய பல முகாம்கள் மூன்றாம் வருடம் தடுமாறுவது சுவரால் அல்ல. தண்ணீராலும் கழிப்பறையாலும் ஆளில்லாத நாட்களாலும்தான்.

கணக்குக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். கோவையிலிருந்து தேனி வரை எங்கும் இருக்கலாம். மாணவர்கள் 40, ஆசிரியர்களும் சமையல்காரர்களும் 8, ஆக 48 பேர். வருடத்துக்கு ஐந்து நாள் முகாம்கள் 20, அதாவது 100 நாள். மழை ஆண்டுக்கு 700 மி.மீ. அளவில். இந்த எண்கள் இடத்துக்கு இடம் மாறும், போடும் முறை மாறாது.

இடம்

அடிவாரத்தில் நிலம் பார்க்கும்போது அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வருகிறதா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். வந்தால் வழக்கமான கட்டட அனுமதியோடு அதன் இசைவும் வேண்டும். அடுத்தது யானை. நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் அந்த அறிவிப்பை உறுதிசெய்தன. வழித்தடத்துக்குள் இருந்த விடுதிகள் காலிசெய்ய வேண்டியதாயிற்று. அவற்றில் எத்தனை மூங்கிலாலும் மண்ணாலும் கட்டியவை என்பது அங்கே பொருட்டாகவே இல்லை. தவறான இடத்தில் நிற்கும் கட்டடத்தை எந்தப் பொருளில் கட்டினாலும் பசுமை ஆகாது.

யானை எப்போதாவது வந்துபோகும் ஊராக இருந்தால்கூட வடிவமைப்பில் அது தெரிய வேண்டும். அரிசி, உப்பு வாசனைக்கு யானை சமையலறைச் சுவரை இடிக்கும். ஆகவே மளிகை அறையைப் பிள்ளைகள் படுக்கும் கட்டடத்தோடு ஒட்டிக் கட்டக்கூடாது. குளியல் தண்ணீரை வாழைக்கு விடுவது நம் ஊர் வழக்கம். இங்கே வாழையும் பலாவும் யானைக்கு அழைப்பு. பூச்செடியான கல்வாழை வைத்தால் போதும்.

தண்ணீர்

நகரத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் கணக்கு. முகாமில் வாளிக் குளியல், தண்ணீர் ஊற்றாத அல்லது குறைவாக ஊற்றும் கழிப்பறை என்று தீர்மானித்தால் 50 லிட்டரில் முடிக்கலாம்: குளிக்க 22, குடிக்கவும் சமைக்கவும் 10, பாத்திரம் கழுவ 5, கழிப்பறைக்கு 8, துணிக்கும் தரைக்கும் 5. ஷவர் வைத்தால் இந்தக் கணக்கு அன்றே உடையும். பத்து வயதுப் பிள்ளை ஷவருக்கு அடியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

48 பேருக்கு நாளொன்றுக்கு 2,400 லிட்டர். நூறு நாளைக்கு 2,40,000 லிட்டர். கூரைப் பரப்பு எல்லாம் சேர்த்து 400 ச.மீ. இருந்தால், 700 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்துக்கொண்டு 2,24,000 லிட்டர் கிடைக்கும். ஏறத்தாழச் சமம். இதைத் தாளில் பார்த்துவிட்டு, 'மழைநீரிலேயே முகாம் நடத்தலாம்' என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு. பாதி மழை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். முகாம்கள் குவிவதோ ஏப்ரல், மே விடுமுறையில். இடைப்பட்ட நாலைந்து மாதம் தண்ணீரைத் தேக்கிவைக்கத் தேவையான தொட்டி, கட்டடத்துக்குச் சமமாகச் செலவு வைக்கும்.

பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர், மற்றதெல்லாம் கிணற்று நீர். குடிநீர்த் தேவை ஒரு நாளைக்கு 480 லிட்டர். வறண்ட மாதங்களில் 60 முகாம் நாள் வந்தால் 28,800. ஆகவே 30,000 லிட்டர் தொட்டி. அதை ஒரே தொட்டியாகக் கட்டாமல் 15,000 லிட்டரில் இரண்டாகக் கட்டினால், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று இருக்கும். ஃபெரோசிமெண்ட் இதற்கு மலிவு: வெல்டுமெஷ் எனும் பற்றவைத்த கம்பிவலைக் கூடு, அதன் இருபுறமும் கோழிவலை, ஒன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை பங்கு மணல் சேர்த்த சிமெண்ட் சாந்து, சுவர் கனம் 25 முதல் 30 மி.மீ. இது கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பூசிய பிறகு ஈரச்சாக்கு போர்த்திப் பத்து நாளாவது நனைக்காமல் விடுவது. வெயிலில் மெல்லிய சுவர் ஒரே நாளில் காய்ந்து முடிபோன்ற விரிசல்கள் விடும். அப்புறம் எந்தப் பூச்சும் முழுதாகக் கைகொடுக்காது.

கூரையின் முதல் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். 100 ச.மீ. கூரைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டர் மழை கழிந்துவிடும். குழாய் சிறுத்துவிடவும் கூடாது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது அதே கூரையிலிருந்து நொடிக்கு 2.8 லிட்டர் இறங்கும், 110 மி.மீ. குழாய் அதைத் தாங்கும், 63 மி.மீ. குழாயில் இலை ஒன்று சிக்கினாலே தண்ணீர் சுவரில் வழியும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து கட்டாயம். அனுமதிக்காகப் போடும் குழியையும் குடிநீருக்காகப் பிடிக்கும் தொட்டியையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

படுக்கும் கூடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 500 லிட்டர் தொட்டி வைத்து, வெளியில் தெரியும்படி மிதவை அளவுகோல் மாட்டிவிடுவது நல்ல ஏற்பாடு. பத்துப் பிள்ளைகள் ஒரு நாளில் செலவழிக்க வேண்டியது 350 லிட்டருக்குள். முள் எங்கே நிற்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது வேலைசெய்கிறது. பம்பு ஓடும் நேரமும் குறைகிறது.

கழிப்பறை

காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை நாற்பது பிள்ளைகளும் போயாக வேண்டும். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 200 நிமிடம். 40 நிமிடத்தில் முடிக்க ஐந்து. ஒன்று கெட்டாலும் தாங்க ஆறு. ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று என்று சுவர் எழுப்பிவிட்டால், பெண்கள் பள்ளி வரும் வாரம் பாதி பூட்டிக் கிடக்கும். இரண்டு, இரண்டு, இரண்டு என்று கட்டி, நடு இரண்டுக்கும் இருபக்கமும் கதவு வைத்து, தேவைக்கேற்ப ஒரு பக்கத்தைப் பூட்டிக்கொள்ளலாம்.

கழிவு எங்கே போகிறது என்பதில்தான் விட்டுவிட்டு வரும் கூட்டம் விளையாடுகிறது. 48 பேர் 100 நாள் இருந்தால், வருடம் முழுக்க 13 பேர் குடியிருப்பதற்குச் சமமான மலம் சேரும். அந்தச் சராசரியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றும் இரட்டைக்குழி, அதாவது ஒன்று நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றும் குழிகள், ஒரு ஜோடி போதும். ஆனால் முகாம் நாளில் 380 லிட்டருக்கு மேல் குழிக்குப் போகும். 1.2 மீட்டர் விட்டமும் அதே ஆழமும் கொண்ட குழியின் சுவர்ப்பரப்பு நாலரை ச.மீ.; நடுத்தர மண்ணில் ச.மீட்டருக்கு 30 லிட்டர் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 135 லிட்டர்தான். உச்ச நாளைக்கு மூன்று ஜோடி வேண்டும். சராசரியை வைத்துக் கட்டினால் மூன்றாம் நாள் மாலை குழி மேலே வரும். குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. கிராமத்துக் கழிப்பறைகளுக்கென்று வரும் சரிவு அதிகமான பேசினும் 20 மி.மீ. நீர்ப்பூட்டும் வைத்தால் ஒன்றரை இரண்டு லிட்டரில் கழுவிவிடும். வழக்கமான பேசினை வாங்கிப் போட்டால் ஒரு வாளி தேவைப்படும்.

அடியில் பாறையாகவோ, நீர்மட்டம் மேலாகவோ இருந்தால் உலர் கழிப்பறை. காவிரிக் கரையில் முசிறியில் இதைச் சமூகக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வழக்கத்துக்கு ஏற்ப மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கழுவும் தண்ணீருக்கு ஒரு வழி என்று மூன்றாகப் பிரிப்பதே இதன் உயிர். ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே இரண்டு அறை. ஒரு வருடம் ஒன்று, அடுத்த வருடம் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பல். ஆளுக்கு நாளொன்றுக்கு சாம்பலோடு 0.4 லிட்டர் என்று எடுத்தாலும் ஆறு இருக்கைக்கும் வருடத்துக்கு 1,900 லிட்டர்தான். அறைக்கு அரை கன மீட்டர் தாராளம். நம் வெப்பநிலையில், அதாவது 20 பாகைக்கு மேல், ஒரு வருடத்துக்கு மேலாக மூடிவைத்த பிறகு எடுத்து மரங்களுக்குப் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இங்கே ஆளில்லாத நாட்கள் லாபம்: அறை காய்கிறது.

இது கெடுவது எப்படி என்றால், முதல் நாள் மாலை. பழக்கமில்லாத பிள்ளை தப்பான துளையில் தண்ணீர் ஊற்றிவிடும். ஈரமானால் நாற்றமும் புழுவும் வரும். வந்து இறங்கிய அரைமணிக்குள், பெட்டியை வைப்பதற்கு முன், காலி இருக்கை ஒன்றைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும். சிறுநீர்க் குழாய் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது, முழங்கை வளைவுகள் கூடாது, நூற்றுக்கு நான்கு சரிவாவது வேண்டும்; இல்லையென்றால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். மாதவிடாய் அணையாடைக்கு மூடியுள்ள தொட்டி ஒவ்வொரு அறையிலும், ஆசிரியர்கள் கழிப்பறையிலும் இருந்தாக வேண்டும். இதை மறந்த முகாம்களில் எல்லாம் அது குழிக்குள்தான் போய்ச் சேர்கிறது.

சாண எரிவாயுக் கலனை இங்கே யோசிக்கவே வேண்டாம். ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினமும் 25 கிலோ சாணம் வேண்டும். ஐந்து நாள் ஊட்டிப் பதினைந்து நாள் பட்டினி போட்டால் அதிலிருக்கும் நுண்ணுயிர் தாங்காது. செப்டிக் டேங்க்தான் வேண்டும் என்றால், முகாமிலேயே குடியிருக்கும் காவலாளி குடும்பத்தின் கழிப்பறையையும் அதிலேயே இணைத்துவிட வேண்டும். கூட்டமில்லாத நாளிலும் அதற்குத் தீனி போய்க்கொண்டிருக்கும்.

குளியல், பாத்திரத் தண்ணீருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் அதற்கடுத்து ஜல்லிப் பாத்தியும் போதும். ஜல்லி 10 முதல் 20 மி.மீ., ஆழம் 60 செ.மீ., ஆளுக்கு ஒரு ச.மீ. அளவில். எண்ணெய்த் தொட்டியை முகாம் நடக்கும்போது தினமும் வழித்தெடுக்காவிட்டால் ஜல்லி ஒரே வருடத்தில் அடைபடும். அள்ளிக் கழுவிப் போடுவது ஒரு வாரக் கூலி.

பகலுக்கு ஒரு சுவர், இரவுக்கு ஒரு சுவர்

இனி சுவருக்கு வரலாம். மண்கல் சுவர் குளுமை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. 23 செ.மீ. கனமுள்ள சுவர் வெளியில் வாங்கிய சூட்டை ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து உள்ளே விடும். மதியம் இரண்டு மணி வெயில் இரவு ஒன்பது மணிக்கு உள்ளே வரும். அந்த நேரத்தில் வகுப்புக் கூடம் காலி. படுக்கும் கூடத்தில்தான் பிள்ளைகள் வந்து விழுவார்கள். பகலெல்லாம் அவர்கள் காட்டில் இருக்கிறார்கள், இரவில் மட்டுமே உள்ளே இருக்கிறார்கள் என்றால் அடிவார வெப்பத்தில் அவர்களுக்கு வேண்டியது சீக்கிரம் ஆறிவிடும் மெல்லிய சுவர். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ கட்டினால் இதைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஆகவே படுக்கும் கூடத்துக்கு 2.3 மீட்டருக்கு ஒரு தூண், இடையில் 14 செ.மீ. மண்கல் இடுப்பளவு, அதற்குமேல் செங்கல் ஜாலியோ மூங்கில் தட்டியோ, உட்புறம் கொசுவலை. வடகிழக்குப் பருவத்தில் சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மேலிருந்து இறக்கும் தட்டி. பகலில் கூடும் கூடத்துக்கும் நூலகத்துக்கும் மளிகை அறைக்கும் கனமான சுவர் சரி. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே சுவர் போடுவதால்தான், பிறகு 'மண்வீடு என்றார்கள், இரவில் வெந்துபோகிறது' என்று மின்விசிறியை இரட்டிப்பாக்குகிறார்கள்.

சுவரே சூடாகாமல் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். 11 பாகை அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து ஏறக்குறைய 55 பாகை உயரத்தில் விழும். இறவாரத்தை 1 மீட்டர் நீட்டினால் சுவரில் 1.45 மீட்டர் வரை நிழல் இறங்கும். ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து 77 பாகையில் நிற்கும். அரை மீட்டர் நீட்டல் 2 மீட்டருக்கு மேல் நிழல் தரும், மழைக்காக முக்கால் மீட்டராக்கலாம். கிழக்கு, மேற்குச் சுவரைக் காப்பாற்றும் இறவாரம் கிடையாது. அங்கே சன்னல் வைக்காமல் கதவும் சிறு முன்தாழ்வாரமும் மட்டும். சமையலறைப் புகை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றிலும் பிறகு வடகிழக்குக் காற்றிலும் போகும்; இரண்டிலும் பிள்ளைகள் பக்கம் வராமலிருக்க அது வடமேற்கிலோ தென்கிழக்கிலோ இருக்க வேண்டும். வாஸ்து பார்ப்பவர்கள் சொல்லும் அக்கினி மூலை இங்கே காற்றுக் கணக்கிலும் தேறிவிடுகிறது. உள்ளூர்ப் பெரியவர்களோடு ஒரு சண்டை மிச்சம்.

மண்கல்லுக்கு மண் பார்ப்பது எளிது. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் சரளையும் மணலும் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் அரைமணி ஒரு மணியில், களி மறுநாள். ஆரோவில் மண்கட்டடக் கழகம் சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்கு உகந்ததாகச் சொல்லும் அளவு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு. களி கூடினால் மணல் கலக்கலாம். கரிசலாக இருந்தால் சிமெண்ட் பிடிக்காது, சுண்ணாம்புக்கு மாற வேண்டும் அல்லது இந்த எண்ணத்தையே விட வேண்டும். சிமெண்ட் 5 விழுக்காடு. 29 x 14 x 9 செ.மீ. கல் ஒன்று ஏழு கிலோ இருக்கும். ஒரு மூட்டை சிமெண்டில் 140 கல் வரை வரும். அடித்த கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் போர்த்தி, பிறகு நான்கு வாரம் நனைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுவது இங்கேதான். பதினைந்தாம் நாளில் சுவருக்கு ஏறிய கல்லின் ஓரம் அடுத்த மழையில் உதிரும்.

15,000 கல்லுக்கு ஏறத்தாழ 70 கன மீட்டர் மண் தோண்ட வேண்டும். மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்துத் தனியே வைத்துவிட்டு, 10 மீட்டருக்கு 7 மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் தோண்டினால் ஆயிற்று. அந்தப் பள்ளம் குட்டையாகட்டும்: 70,000 லிட்டர் பிடிக்கும், தவளையும் தும்பியும் வரும், பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று. அதைப் படுக்கும் கூடத்திலிருந்து தள்ளி, வேலியிட்டு, ஒரு பக்கம் சரிவான கரையோடு வெட்ட வேண்டும்; செங்குத்துக் கரை பிள்ளைகளுக்கு ஆபத்து.

செங்கல்லே கிடைக்கும் ஊரானால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ரேட் டிராப் (எலிப்பொறி) கட்டு நல்லது. கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்குவதால் நடுவில் வெற்றிடம் விடும். கல் கால் பங்கு மிச்சம். வெற்றிடத்தின் மேல்வாயை லிண்டலும் கான்கிரீட்டும் முழுக்க மூடவில்லையென்றால் பெயருக்கேற்ற வாசிகள் குடிவந்துவிடுவார்கள்.

கூரை

கீற்றைப் பற்றி முதலில். குளுமையிலும் மலிவிலும் கீற்றுக்கு இணை இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளைகள் படுக்கும், படிக்கும், சமைக்கும் எந்தக் கட்டடத்திலும் கீற்று கூடாது. இதில் வாதத்துக்கு இடமே இல்லை. மேலும் கீற்றைப் பூச்சியிலிருந்து காத்தது அடுப்புப் புகை. பதினைந்து நாள் அடுப்பெரியாத முகாமில் அந்தக் காப்பும் கிடையாது. தீயைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்ல வேண்டும்: கூடத்தின் இரு முனையிலும் வெளிப்பக்கம் திறக்கும் கதவு, இரவில் சாவி போடாத தாழ்ப்பாள்.

சீமை ஓடு அடுத்து. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய அந்த ஓடு ஒரு ச.மீ. பரப்புக்கு 15 வேண்டும். 25 பாகைக்குக் குறையாத சரிவு. மெல்லியது, வெயில் போனதும் ஆறிவிடும், இரவுக் கூடத்துக்குப் பொருத்தம். கைமரத்துக்குக் கீழே தட்டை ஓடு பரப்பி, முகட்டில் காற்று போக வழி விட்டால் பகலிலும் சூடு இறங்காது. ஆனால் குரங்கு. அடிவாரத்தில் குரங்குக் கூட்டம் ஒரு முறை கூரை ஏறினால் பத்து ஓடு போகும். மழைக்காலத்தில் அதைக் கவனிக்காவிட்டால் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் மக்கும். பழைய ஓட்டு வீடுகள் கிடைக்குமிடத்தில் நூறு ஓடு வாங்கி அடுக்கிவைப்பது அவசியம். குரங்குத் தொல்லை கடுமையென்றால் ஃபில்லர் ஸ்லாப், அதாவது உள்ளே ஓடு வைத்து வார்த்த கான்கிரீட் தளம், போட வேண்டியதுதான். கான்கிரீட் தளத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட் சுமைதான். அந்த இடத்தில் இரண்டிரண்டு ஓடுகளைக் கவிழ்த்து வைத்து வார்த்தால் கான்கிரீட் சுமார் கால் பங்கு குறையும். வார்க்கும் முன் ஓடுகளை நனைக்காவிட்டால் அவை கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓடுகளைச் சுற்றிக் கான்கிரீட்டில் தேன்கூடு போல் துளைகள் விழும். தளம் வெயிலில் சூடேறி இரவில் விடும் என்பதால் மேலே வெள்ளைச் சுண்ணாம்போ நிழல் பந்தலோ கட்டாயம்.

மூங்கில் மூன்று வயதுக்கு மேல் முற்றியதாக இருக்க வேண்டும். கணுக்களைத் துளையிட்டு, 95 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ போரிக் அமிலமும் 3 கிலோ வெண்காரமும் கரைத்து ஒரு வாரம் ஊறவைக்க வேண்டும். இந்த உப்பு மழையில் கரைந்துபோகும். ஆகவே மூங்கில் எப்போதும் கூரைக்கு உள்ளேதான், மண்ணில் நேரடியாக ஊன்றவே கூடாது. கருங்கல் துண்டின்மேல் இரும்புக் காலணி வைத்து நிறுத்தினால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம்; கரையானை முழுதாகத் தடுக்கும் மருந்து கிடையாது. இதே காரணத்துக்காகப் பேஸ்மட்டம் 60 செ.மீ. உயர்த்தி, வெளிப்பக்கம் கருங்கல் அப்படியே தெரியும்படி விட வேண்டும்.

படுக்கை

நிலப்பாயில் படுப்பது எளிமையாகத் தோன்றும். கட்டுவிரியன் இரவில் தரையோடு திரிந்து, படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கிறது. அடுக்குக் கட்டில் போட்டால் மேல்கட்டில் பிள்ளைக்கும் மின்விசிறிக்கும் இடையே கையளவு இடம் இருக்கும். பலர் இதைக் கட்டில் வந்திறங்கிய பிறகே கவனிக்கிறார்கள். 5 x 7 மீட்டர் கூடத்தில் இரண்டு நீளச் சுவரோரமும் 45 செ.மீ. உயரத்தில் 2 மீட்டர் அகலத் திண்ணை, நடுவில் ஒரு மீட்டர் நடை. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு 1.4 மீட்டர். திண்ணையின் உள்ளே வெற்றிடம் வைத்துப் பொருள் அடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டும். இடிகல் நிரப்பி மூடிவிடுவதே பாதுகாப்பு. மேலே கடப்பாக்கல், கொசுவலைக்குக் கொக்கி, சுவரில் மாட்டும் மின்விசிறி. கதவடி இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மின்சாரம்

மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் பதினாறு, எட்டு மணி நேரம்; எல்.இ.டி. விளக்குகள் நாற்பது, நான்கு மணி நேரம்; ஒரு குதிரைத்திறன் பம்பு, ஒன்றரை மணி நேரம்: ஒரு முகாம் நாளைக்கு ஆறரை யூனிட். 2 கிலோவாட் சூரியத் தகடு 8 யூனிட் தரும், தாராளம். ஆனால் மின்வாரிய இணைப்பு இல்லாமல் பேட்டரியோடு மட்டும் ஓட்டினால், வருடத்தில் உண்டாக்கக்கூடிய 2,900 யூனிட்டில் பயன்படுவது 650. முக்கால் பங்குக்கு மேல் வீண். கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் இணைப்பு வாங்கி, மிச்சத்தை வாரியத்துக்குக் கொடுத்து, இரவு விளக்குக்கு மட்டும் சிறு பேட்டரி வைப்பதே பசுமை. இணைப்பே வேண்டாம் என்பது வீம்பு. வெளி விளக்குகள் முழங்கால் உயரத்தில், மஞ்சள் ஒளியில் இருந்தால் பூச்சிகள் குவியாது, நட்சத்திரம் பார்க்கவும் இருட்டு மிஞ்சும். தகட்டின் அடியில் ஓடும் ஒயரைக் குழாய்க்குள் விட வேண்டும்; அணில் கடிக்கும்.

ஆரோவிலின் சோலார் கிச்சன் கூரையில் உள்ள 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவதற்காக அமைக்கப்பட்டது. தினமும் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடும் இடத்துக்கு அது சரி. நூறு நாள் முகாமுக்குப் புகைபோக்கி வைத்த விறகடுப்பும் துணைக்கு ஒரு எரிவாயு அடுப்பும் போதும்.

ஆளில்லாத நாட்கள்

முகாம் முடிந்த அன்றே செய்யாவிட்டால் அடுத்த முகாமின் முதல் நாள் நாறும் வேலைகள் சில. தரைக் கழிவுநீர்ப் பொறியில் நிற்கும் தண்ணீர் இரண்டு வாரத்தில் வற்றி, வாடையும் கரப்பானும் ஏறும். ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் வற்றாது. தொட்டியின் எல்லாத் திறப்பிலும் வலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசு. இறவாரத்தடியில் குளவிக்கூடும் உயரமான விளிம்புகளில் மலைத்தேனீயும் வரும். கூரை விளிம்பைத் தாழ்வாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காவலாளிக்குக் குடும்பத்தோடு தங்க வீடும் மாதச் சம்பளமும் திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும். நன்கொடையாளருக்குக் காட்ட முடியாத செலவு என்று இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

வேலையின் வரிசை மழையைப் பொறுத்தது. நிழல் மரங்களைக் கட்டடத்துக்கு ஒரு வருடம் முந்தைய ஐப்பசியில் நட்டுவிட வேண்டும். மேற்குச் சுவருக்குப் புங்கன், வேம்பு. பருவமழை ஓய்ந்த தையில் குட்டை தோண்டிக் கல் அடிக்கத் தொடங்கினால் பங்குனியில் சுவர் ஏற்றலாம், தென்மேற்குச் சாரலுக்கு முன் கூரை வேயலாம். கழிப்பறையும் தொட்டியும் முடிந்ததும் பூச்சு வேலைக்கு முன்பே பதினைந்து பிள்ளைகளை இரண்டு இரவு தங்கவைத்துப் பார்ப்பது நல்லது. எந்தச் சரிவு தண்ணீரைத் தேக்குகிறது, எந்தக் கதவு வரிசையில் இடிபடுகிறது, எந்தத் துளையில் தப்பாக ஊற்றுகிறார்கள் என்பது அந்த இரண்டு இரவில் தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை அதுவரை கொடுக்கக்கூடாது.